சுடாமல் திரும்ப உதவியவை

வேட்டைப் பருவம் முடிந்த மறுவாரம் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றுகூடி, முதுகுப்பைகளை அவிழ்த்துத் தரையில் பரப்பினோம். புதிதாக வாங்கியவை, இரவல் வாங்கியவை, பல ஆண்டுகளாகக் கூடவே வருபவை என எல்லாவற்றையும் அந்தப் பருவம் முழுவதும் காட்டில் பயன்படுத்திப் பார்த்திருந்தோம். எது உழைத்தது, எது கைவிட்டது என்று பேச வேண்டியிருந்தது. ஐவருமே உரிமம் பெற்று, அனுமதிக்கப்பட்ட நாள்களில், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் மான் வேட்டையாடுபவர்கள். ஆனால் ஒருவருடைய முறை இன்னொருவருடையது அன்று. எங்களில் மூத்தவர் திறந்த மலைச்சரிவுகளில் நாள் முழுக்க உட்கார்ந்து கண்ணால் தேடுபவர். ஒருவர் வில்லாளி. இன்னொருவர் அடர்காட்டில் மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்பவர். இளையவருக்கு இது இரண்டாவது பருவம். நான் காட்டின் விளிம்புகளில் மெல்ல நடந்து தேடுபவன். ஆகவே ஒரே பொருளைப் பற்றி எங்களுக்குள் ஐந்து விதமான கருத்து இருந்ததில் வியப்பில்லை.

இதை எழுதத் தூண்டியது மூத்தவர் அன்று கேட்ட ஒரு கேள்வி. இளையவர், துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தம் புதிய ஸ்கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் உதவியால் இன்னும் எவ்வளவு தொலைவிலிருந்து சுட முடியும் என்று விவரித்துக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு மூத்தவர், "தம்பி, அது உன்னை எத்தனை தடவை சுடவிடாமல் நிறுத்தியது?" என்றார். அன்றிரவு வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என்னிடம் இருந்த ஒவ்வொரு பொருளையும் அதே கேள்வியோடு மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பருவத்தின் தொடக்கத்தில் நான் வைத்திருந்த மதிப்பீடுகள் பல இடம் மாறிவிட்டன.

முதலிடத்துக்கு வந்தது பைனாகுலர். சென்ற ஆண்டு வரை என்னிடம் இருந்தது 10×32 அளவுள்ளது. எடை குறைவானது, பகலில் அதன் தெளிவைக் குறை சொல்ல முடியாது. இந்த ஆண்டு 8×42-க்கு மாறினேன். முதல் எண் காட்சி எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கருவியிலிருந்து கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்: பழையதில் 3.2 மில்லிமீட்டர், புதியதில் 5.25 மில்லிமீட்டர். நண்பகலில் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் இந்த வேறுபாட்டை உணரவே முடியாது. கருக்கலில் கண்மணி விரிகிறது. இளம் வயதில் 7 மில்லிமீட்டர் வரையிலும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வரையிலும் அது விரியும். அந்த நேரத்தில் என் வயதுக்காரருக்குப் புதிய கருவி ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மான்கள் மறைவை விட்டு வெளியே வருவதும் அதே நேரத்தில்தான் என்பதால், பகல் வெளிச்சத்தில் பைனாகுலரைச் சோதித்து வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன்.

பருவத்தின் நடுவில் ஒரு மாலை, காட்டோரப் புல்வெளியின் எல்லையில் ஒரு கலைமான் பக்கவாட்டில் நின்றது. தொலைவு குறைவு, காற்று எனக்குச் சாதகம், துப்பாக்கிக்கு நல்ல தாங்கல். மறுக்கக் காரணமே இல்லாத வாய்ப்பு. துப்பாக்கியை எடுக்கும் முன் பைனாகுலரால் இன்னொரு முறை பார்த்தபோது, அதன் வயிற்றுக்குக் கீழே தெரிந்த புதரின் நிழலில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு இருப்பதைக் கவனித்தேன். அது அசைந்தது. பின்னால் ஒட்டி நின்ற குட்டியின் கால் அது. மான் அளவுள்ள விலங்கின் உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேறுவது ரைஃபிள் குண்டுக்கு இயல்பு என்பதால், அந்த ஒரு சுடுதல் இரண்டு உயிர்களின் மீது விழுந்திருக்கும். பழைய கருவியில் அந்தக் கோடு எனக்குத் தெரிந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். அதே வாரத்தில் அதே வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன், பழையதில் புதரின் நிழல் ஒரே கரும்பரப்பாகவே இருந்தது.

ஒளி எவ்வளவு உள்ளே நுழைகிறது என்பது போலவே, எவ்வளவு வழியில் தொலைகிறது என்பதும் முக்கியம். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மீது படும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் அத்தகைய பரப்புகள் பத்துக்குக் குறையாமல் இருக்கும் என்பதால், பூச்சு இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போய்விடும். 1935-இல் ஜெர்மனியின் ஒளியியல் கருவி நிறுவனமான சைஸில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா இந்த எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்ததிலிருந்துதான் அந்தி நேரத்தில் உண்மையாகவே பயன்படும் கருவிகள் உருவாயின. மூத்தவருக்கு 8 மடங்கு போதாது. அவர் 10×42-ஐ முக்காலியில் பொருத்திப் பார்க்கிறார். மைல் கணக்கில் விரிந்த சரிவைத் தேடுபவருக்கு அது சரிதான். கையில் பிடித்துப் பார்க்கும் எனக்கு, நடந்து மூச்சிரைத்த நிலையில், பத்து மடங்கு என்பது கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கியே காட்டியது.

இளையவரின் ஸ்கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மோசமான கருவி அன்று. கண்ணாடி சிறப்பானது, திருகைத் திருப்பினால் ஒரு சொடுக்குக்கு 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர் என்று பிசகாமல் நகர்கிறது. ஆனால் உருப்பெருக்கத்தை எப்போதும் மேல் எல்லையிலேயே வைத்திருக்கும் பழக்கத்தை அது அவருக்குக் கொடுத்துவிட்டது. உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும். சுட்டவுடன் துப்பாக்கி எழும்பி இறங்கும் அந்த ஒரு நொடியில், மான் எப்படி அதிர்ந்தது, எந்தப் பக்கம் ஓடியது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை வரை நாங்கள் இரத்தத் தடத்தைத் தேடினோம். மான் கிடைத்தது, ஆனால் சுட்ட இடத்திலிருந்து எந்தத் திசையில் தேடத் தொடங்குவது என்று தெரியாமலேயே இரண்டு மணி நேரம் போயிற்று. குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்திருந்தால் அதன் போக்கு முழுவதும் கண்ணுக்குள் இருந்திருக்கும். அவரே இப்போது 6 மடங்குக்கு மேல் போவதில்லை என்கிறார். பாறையில் இடறி விழுந்த நாளில் குறி மாறியிருக்கிறதா என்று திரும்பி வந்து இலக்கட்டையில் சுட்டுப் பார்த்தபோது, 100 மீட்டரில் ஒரு கை அகலம் விலகியிருந்ததையும் அவர் மறக்கவில்லை. விழுந்த துப்பாக்கியைச் சோதிக்காமல் அடுத்த நாள் காட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்பதை நாங்கள் ஐவரும் விதியாகவே வைத்திருக்கிறோம்.

லேசர் தூரமானியைப் பற்றி எனக்குப் பருவத்தின் தொடக்கத்தில் ஐயம் இருந்தது. கண்ணாலேயே தூரத்தை மதிப்பிடும் திறன் மழுங்கிவிடும் என்று நினைத்தேன். வில்லாளியோடு மூன்று நாள் நடந்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டேன். அம்பு குண்டைப் போலன்றி மெதுவாகச் செல்வதால் சில மீட்டர் பிழையே அதை உயரத்தில் நன்றாக விலக்கிவிடும். சரிவில் கீழ்நோக்கி எய்யும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது: 30 பாகைச் சரிவில் கண்ணுக்கும் மானுக்கும் இடையே 40 மீட்டர் இருந்தாலும், அம்பு விழுவதைத் தீர்மானிக்கும் கிடைத்தூரம் 35 மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். 40 என்று எண்ணி எய்தவரின் அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது அதைவிடக் கேடாக, முதுகைக் கிழித்துக்கொண்டு போகும். கோணத்தையும் சேர்த்துக் கணக்கிடும் தூரமானி இந்தப் பிழையைத் தவிர்க்கிறது. தம்முடைய எல்லை 30 மீட்டர் என்று வில்லாளி வைத்திருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கவே தூரமானி 36 காட்டியதும் வில்லை இறக்கிவிட்டார். என் கண்ணுக்கு அது 28 மீட்டருக்கு மேல் தெரியவில்லை. மூடுபனியிலும் உயர்ந்த புல்லிலும் மட்டும் அக்கருவியை நம்பக்கூடாது. முன்னால் நிற்கும் புல்லின் தூரத்தையே அது மானின் தூரமாகக் காட்டிவிடும்.

அவருடைய வில்லைப் பற்றியும் ஒரு சொல். உருளைகள் பூட்டிய கூட்டு வில்லுக்கு ஹாலஸ் ஆலன் என்பவர் 1969-இல் காப்புரிமை பெற்றார். முழுவதும் இழுத்த பிறகு பாரத்தின் பெரும்பகுதியை உருளைகள் ஏற்றுக்கொள்வதே அதன் சிறப்பு. 27 கிலோ இழுவிசையுள்ள வில்லில் எண்பது விழுக்காடு குறைந்தால், இழுத்துப் பிடித்திருக்கும்போது விரல்களில் நிற்பது ஐந்தரை கிலோவுக்குள்தான். அதனால் மான் திரும்பும் வரை காத்திருக்கவும், திரும்பாவிட்டால் நாணை நிதானமாகத் தளர்த்தவும் முடிகிறது. அம்பு முனையில் அவர் இந்த ஆண்டு, பட்டதும் அலகுகள் விரியும் வகையை விட்டு நிலையான அலகுள்ள முனைக்குத் திரும்பிவிட்டார். விரியும் முனை பறக்கும்போது நேராகப் போகிறது, வெட்டும் அகலம் பெரிது; ஆனால் விரிவதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிறது, சாய்ந்த கோணத்தில் எலும்பில் பட்டால் அவரைப் போல மிதமான இழுவிசையுடைய வில்லை வைத்திருப்பவருக்கு ஊடுருவல் குறைகிறது. அவருடைய முடிவு சரியென்றே எனக்கும் படுகிறது.

எங்களுக்குள் மிக நீண்ட விவாதம் நடந்தது தோட்டாவைப் பற்றித்தான். இந்தப் பருவத்தில் நான் ஈயத்தை முற்றாக விட்டுவிட்டுச் செம்புக் குண்டுக்கு மாறினேன். ஈயக் குண்டு உடலுக்குள் போனதும் நொறுங்குகிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் பார்த்தால், குண்டு சென்ற பாதையை விட்டு வெகுதூரம் தள்ளியும் தூள் போன்ற ஈயத் துணுக்குகள் சிதறிக் கிடப்பது தெரியும். நாம் காட்டில் விட்டுவரும் குடலையும் ஈரலையும் உண்ணும் கழுகுகளுக்கு அது நஞ்சு. கலிபோர்னியக் காண்டோர் எனும் பிணந்தின்னிக் கழுகுகள் எல்லாமே 1987-இல் பிடித்துக் கூண்டில் வைத்துக் காக்கப்பட்டபோது உலகில் மிஞ்சியிருந்தவை 27 மட்டுமே; பின்னர் காட்டில் விடப்பட்ட பறவைகளும் ஈய நஞ்சால்தான் பெரிதும் மடிந்துகொண்டிருந்தன. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டாவைத் தடைசெய்தது. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைகளை, அதாவது ஒரே தோட்டாவிலிருந்து கொத்தாகச் சிதறும் சிறு உருண்டைகளை, அமெரிக்கா 1991-இலேயே நாடு முழுவதும் தடுத்துவிட்டது. டென்மார்க் 1996-இல் ஈய ரவையை முழுமையாக விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களுக்கான தடை 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

மூத்தவர் இதை மறுக்கவில்லை. அவருடைய கவலை வேறு: மாறுகிறோம் என்ற மன நிறைவில், புதிய குண்டு எப்படி நடந்துகொள்கிறது என்று அறியாமலேயே காட்டுக்குப் போகிறவர்களைப் பற்றியது. அவர் சொன்னது எனக்கு நேரடியாகவே நடந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பின் அடர்த்தி 8.96, ஆகவே அதே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாக இருக்கும், நீளமான குண்டைச் சுழற்றி நிலைநிறுத்தக் குழலுக்குள் இருக்கும் திருகுவரிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். என் பழைய துப்பாக்கியின் வரிகளுக்கு, நான் முன்பு பயன்படுத்திய எடையிலான செம்புக் குண்டு பொருந்தவில்லை; இலக்கட்டையில் ஐந்து குண்டுகள் ஐந்து இடங்களில் விழுந்தன. எடை குறைந்த வகைக்கு மாறி, குழலில் படிந்திருந்த பழைய உலோகப் படிவை முழுவதும் சுத்தம் செய்த பிறகே ஓரிடத்தில் குவியத் தொடங்கின. இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். செம்பு கடினமானது என்பதால் வேகம் குறைந்தால் முனை விரியாது. விரியாத குண்டு சிறு துளை போட்டுக்கொண்டு போய்விடும், மான் நெடுந்தூரம் ஓடி வேதனையில் சாகும். எனவே என் குண்டு எந்தத் தூரம் வரை விரியும் வேகத்தோடு இருக்கும் என்று தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்த்து, அந்தத் தூரத்தை என் எல்லையாக வைத்துக்கொண்டேன். முன்பு நான் எடுத்திருக்கக்கூடிய இரண்டு வாய்ப்புகளை அந்த எல்லையே மறுத்தது. பருவத்தில் வீழ்த்திய இரண்டு மான்களும் நாற்பது அடிக்குள் விழுந்தன. ஈயத்துக்குத் திரும்பும் எண்ணம் எனக்கு இல்லை.

ரவைத் துப்பாக்கிக்கு எஃகு ரவையைப் போட்டுப் பார்த்த நண்பரின் கருத்தும் இதே வழியில்தான் செல்கிறது. எஃகு ஈயத்தைவிட இலேசு. ஈயத்தில் எந்த அளவு ரவை போட்டோமோ அதைவிட இரண்டு அளவு பெரியதாகப் போட வேண்டும், தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பழைய மெல்லிய குழல்களுக்கு எஃகு ஆகாது என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

உடைகளில் நான் உறுதியாகப் பரிந்துரைப்பது மெரினோ கம்பளி உள்ளாடை. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஏறி வியர்த்துவிட்டு மேலே உட்காரும்போது முதுகு உறைவதில்லை. நீர் புகாத மழையங்கியோ எனக்கு இந்த ஆண்டு ஏமாற்றமளித்தது. 1969-இல் பாப் கோர் டெஃப்ளான் தண்டைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது பிறந்த, இத்தகைய அங்கிகளுக்குள் இருக்கும் நுண்துளைப் படலம் நீர்த்துளியைத் தடுத்து நீராவியை வெளியேற்றும் என்பது உண்மைதான். ஆனால் மேல்துணியில் உள்ள நீர்விலக்கும் பூச்சு தேய்ந்துவிட்டால் துணி ஊறிப்போய், வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே நனைந்துவிடுகிறோம். தவிர, அமைதியான காட்டில் அந்தத் துணி கிளையில் உரசும் ஓசை முப்பது அடிக்குக் கேட்கிறது. நடந்து வேட்டையாடுபவருக்கு அது பொருந்தாது. பெருமழைக்கு மட்டும் பைக்குள் இருக்கட்டும்.

காட்டோடு கலந்து மறைய அணியும், இலைவடிவம் அச்சிட்ட உடைகள் மீது பலருக்கு இருக்கும் நம்பிக்கையை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. மானின் கண்ணில் இருவகை நிற உணர்விகளே உள்ளன. செம்மஞ்சளும் சிவப்பும் அதற்குத் தனித்துத் தெரிவதில்லை. நீலத்தையும் புற ஊதாவையும் அது நம்மைவிட நன்றாகக் காண்கிறது. ஆகவே பாதுகாப்புக்காக அணியும் செம்மஞ்சள் மேலாடையால் மான் மிரண்டு ஓடும் என்று அதைக் கழற்றிவைப்பவர்கள், சக வேட்டைக்காரரின் கண்ணிலிருந்து தங்களை மறைத்துக்கொள்கிறார்களே தவிர மானின் கண்ணிலிருந்து அன்று. மாறாக, வெளுப்பூட்டி கலந்த சலவைத்தூளில் துவைத்த பச்சை உடை அந்திநேரத்தில் மானுக்கு நீலமாக ஒளிரும். வாசனை மறைக்கும் தெளிப்பான்களை இரண்டு பருவம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். காற்றுத் திசை காட்டும் சிறு பொடிப்புட்டி ஒன்று அவற்றைவிட எனக்கு உழைத்தது. பொடி மானை நோக்கிப் பறந்தால் அன்றைய வழியை மாற்றிக்கொள்வேன்.

காதுக்கவசத்தை இதற்கு முன் நான் காட்டுக்கு எடுத்துச் சென்றதில்லை. ஒருமுறை சுட்டாலே 140 டெசிபலைத் தாண்டும் அதிர்வு கேட்கும் திறனை நிலையாகக் கெடுக்கக்கூடும். ரைஃபிளின் ஓசை பெரும்பாலும் 160-ஐ எட்டும். மூத்தவரின் இடது காதில் இருபது ஆண்டுகளாக ஓயாத ரீங்காரம். மெல்லிய ஒலியைப் பெருக்கி, வெடியோசையை மட்டும் தடுக்கும் மின்னணுக் கவசத்தை இந்த ஆண்டு அணிந்தேன். சருகில் நடக்கும் மானின் காலடியை அதில் முன்பைவிடத் தெளிவாகவே கேட்டேன். குளிரில் சாதாரண மின்கலம் சட்டென்று வலுவிழப்பதால் லித்தியம் மின்கலமே போட வேண்டும்.

வெப்பக் கருவியிலும் தானியங்கிக் கேமராவிலும் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. வெப்பக் கருவி விலங்கின் உடல் வெளிவிடும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிர்களைப் பார்க்கிறது. அதன் வில்லை ஜெர்மானியத்தால் ஆனது, ஏனெனில் சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிர்களைக் கடத்தாது. காயம்பட்ட மானை இருட்டில் கண்டுபிடிக்க, சட்டம் அனுமதிக்கும் இடங்களில், அதைவிடச் சிறந்த துணை இல்லை என்று பரணில் காத்திருப்பவர் வாதிட்டார். நானும் ஒப்புக்கொள்கிறேன். மானை முதலில் தேடிக் கண்டுபிடிக்கவே அதைப் பயன்படுத்துவது என் மனத்துக்கு ஒப்பவில்லை. புதருக்குள் வெண்ணிறமாகத் தெரியும் உருவம் கிடாவா பிணையா என்பதைக்கூட அது காட்டாது. நீர்நிலைதோறும் கேமரா கட்டி நேரடிப் படம் பெறுவதையும் நான் விரும்புவதில்லை. அரிசோனா மாநிலம் வேட்டைக்காகக் கேமரா வைப்பதை 2022 ஜனவரி முதல் தடைசெய்தபோது அது மிகை என்று நண்பர் சொன்னார்; எனக்கு அது நியாயமாகவே பட்டது.

கடைசியாகப் பரண் முதுகுவார், அதாவது பரணில் ஏறுபவரை மரத்தோடு பிணைத்துவைக்கும் பாதுகாப்புப் பட்டை. பரணிலிருந்து விழுவது வேட்டைக்காரர்களுக்கு நேரும் கடும் காயங்களின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. மேலே ஏறி அமர்ந்த பிறகு மட்டும் வாரைப் பூட்டிக்கொள்ளும் பழக்கத்தை நண்பர் இந்த ஆண்டுதான் விட்டிருந்தார். அடியிலிருந்து உச்சிவரை ஒரு கயிறு கட்டி, ஏற ஏற நகரும் முடிச்சில் தம்மைப் பிணைத்துக்கொண்டே ஏறுவார். ஒரு விடியற்காலையில், உறைபனி படிந்த படியில் அவர் கால் வழுக்கியது. அரை முழத்துக்குள் முடிச்சு இறுகிப் பிடித்துக்கொண்டது. ஆனால் வாரில் அசையாமல் தொங்கினால் தொடைப்பட்டைகள் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, சிறிது நேரத்திலேயே மயக்கமும் உயிராபத்தும் வரலாம். இடுப்பில் கட்டியிருந்த மிதிவாரில் காலை வைத்து எழுந்து நின்று, மெல்ல இறங்கிவிட்டார். அன்று அவர் மீண்டும் ஏறவில்லை. துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு நடந்து வந்துவிட்டார். நாங்கள் மூட்டைகளை விரித்த அன்று, அந்த முதுகுவாரைத் தனியே எடுத்து வைத்திருந்தார். அதில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை. இருந்தாலும் ஒருமுறை விழுந்தவரின் எடையைத் தாங்கிய வாரை மறுபடியும் பயன்படுத்தக்கூடாது என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. வேறு யாரும் எடுத்து அணிந்துவிடாதபடி பட்டைகளை எங்கள் முன்னாலேயே கத்தியால் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டார்.